வடிவமும் அதன் பணியும் : கிரேக்க, இலத்தீன் மரபு தழுவிய தற்கால ஆங்கில யாப்புக் கவிதைகளும் தமிழாக்கமும்

1. முன்னுரை

செய்யுள் வடிவம் ஒன்று மொழி கடந்து செல்லும்போது எது உடன் செல்கிறது, எது தங்கிவிடுகிறது என்னும் வினா ஒப்பியலாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பொதுவானது. கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைத் தழுவி அண்மைக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற யாப்புக் கவிதைகள் இவ்வினாவை ஆராய்தற்கு நல்ல களமாக அமைகின்றன. இவை பழைய கதைகளை எடுத்துக்கொள்வதோடு நில்லாமல் அடி, அசை, இயைபு ஆகியவற்றிலும் பழைய மரபுகளோடு உறவு கொள்கின்றன. ஆனால் இவற்றின் சொல்லாட்சி பெரும்பாலும் இன்றைய வழக்கைச் சார்ந்தது. யாப்புப் பழையது; பேச்சுப் புதியது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இழுவிசையில் இக்கவிதைகளின் பொருள் பிறக்கிறது.

இவற்றைத் தமிழாக்க முற்படுவோர் இடர்ப்படும் இடமும் இதுவே. யாப்பு என்றால் செந்நடை, இன்றைய பேச்சு என்றால் புதுக்கவிதை என்னும் எண்ணம் தமிழில் வேரூன்றியுள்ளது. ஆகவே யாப்பைக் காக்க விழைவோர் பேச்சை இழக்கின்றனர். பேச்சைக் காக்க விழைவோர் யாப்பை இழக்கின்றனர். எவ்வழியிலும் மூலத்தின் ஒரு பாதியே தமிழுக்கு வருகிறது. திமதி ஸ்டீல், ஏ. ஈ. ஸ்டாலிங்ஸ், மைக்கேல் லாங்லி, டெரக் வால்காட் ஆகிய நால்வரின் ஆக்கங்களைச் சான்றாகக் கொண்டு, மூலத்தின் வடிவம் எது என்பதைக் காண்பதோடு அது அங்கே என்ன பணி செய்கிறது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் கண்டறிய வேண்டும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அளவும் அழுத்தமும்

கிரேக்க, இலத்தீன் செய்யுள்கள் அசையின் ஒலியளவை அடிப்படையாகக் கொண்டவை. நெடிலைக் கொண்ட அசையும், ஒற்றால் மூடப்பெற்ற அசையும் நெட்டசையாகக் கொள்ளப்படும், ஏனையவை குற்றசை. இவ்விரண்டின் ஒழுங்கான அடுக்கே அடியாகும். சாப்போவின் பெயரால் வழங்கும் யாப்பில் 11 அசைகள் கொண்ட மூன்று அடிகளை அடுத்து 5 அசைகள் மட்டும் கொண்ட குறுவடி ஒன்று வரும். கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டுல்லஸ் சாப்போவின் பாடல் ஒன்றை இலத்தீனில் ஆக்கியபோது அந்த யாப்பையே கையாண்டார். கி.மு. 17இல் உரோமையில் நிகழ்ந்த நூற்றாண்டு விழாவுக்கு ஹோரஸ் இயற்றிய பாடலும் இதே யாப்பினது. இலத்தீனும் ஒலியளவை வேறுபடுத்தும் மொழியாதலின் இம்மாற்றம் இயன்றது.

ஆங்கிலத்தின் நிலை வேறு. அம்மொழியின் செய்யுள் ஓசை அசையழுத்தத்தைச் சார்ந்தது. எனவே ஆங்கிலக் கவிஞர்கள் மூன்று வழிகளை நாடினர். முதலாவது, ஒலியளவையே ஆங்கிலத்தில் நிலைநாட்ட முயல்வது. தாமஸ் கேம்பியன் 1602இல் வெளியிட்ட யாப்பு நூல் ஏறக்குறைய இந்நோக்குடையது. சாமுவேல் டேனியல் 1603இல் இயைபுக்கு ஆதரவாக அதற்கு மறுப்பெழுதினார். இரண்டாவது, நெட்டசை இருந்த இடத்தில் அழுத்த அசையை வைப்பது. 1866இல் ஸ்வின்பர்ன் சாப்போ யாப்பில் எழுதிய கவிதை இவ்வழியினது. மூன்றாவது, அசைகளை எண்ணுவதோடு அமைவது. 1939இல் பிராய்டு மறைந்தபோது டபிள்யூ. எச். ஆடன் எழுதிய இரங்கற்பா, அல்கேயஸ் யாப்பின் 11, 11, 9, 10 என்னும் அசை எண்ணிக்கையை மட்டும் பின்பற்றுகிறது. மூவழியிலும் மூல ஓசை அவ்வாறே வந்து சேரவில்லை. அதன் ஒரு கூறு மட்டுமே பேணப்பட்டது.

தமிழ் யாப்பும் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கருத்தில் கொள்வதால், கிரேக்க யாப்பு தமிழில் எளிதில் பொருந்தும் என்று தோன்றலாம். ஆனால் அலகிடும் முறை வேறு. 'வாழ்க' என்பதும் 'வாழ்வான்' என்பதும் தமிழில் நேர்நேர், அதாவது தேமா. கிரேக்க முறையிலோ முன்னது நெட்டசையும் குற்றசையும். பின்னது இரண்டு நெட்டசைகள். அவ்வாறே 'விள', 'விளா', 'விளம்' மூன்றும் தமிழில் நிரையசை. கிரேக்க முறையில் முதலாவது ஏனைய இரண்டினின்றும் வேறுபட்டது. குறிலையும் நெடிலையும் இடம் மாறாது பேணும் வழக்கம் தமிழில் சந்தப் பாக்களிலும் வண்ணப் பாக்களிலும் உண்டு. அவ்வழியில் சாப்போ யாப்பின் ஓசையை ஏறத்தாழ அவ்வாறே தமிழில் அமைத்துவிட முடியும். ஆயினும் வண்ணத்தின் ஓசை தமிழ்ச் செவிக்குத் திருப்புகழையும் இசையரங்கையும் நினைவூட்டும். ஓசை ஒத்திருந்தும் பயன் ஒவ்வாது போகும். ஆகவே ஓசை ஒப்புமை மட்டும் மொழிபெயர்ப்பாளர்க்கு வழிகாட்டி ஆகாது.

3. ஈற்றுக் குறுவடி : திமதி ஸ்டீல்

1980களில் அமெரிக்காவில் யாப்புக்குத் திரும்பிய கவிஞர் குழுவினருள் திமதி ஸ்டீல் குறிப்பிடத்தக்கவர். 1990இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் இருபதாம் நூற்றாண்டின் யாப்பு மறுப்பைப் பற்றி அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். டிரைடன், வேர்ட்ஸ்வொர்த் போன்ற முன்னோர் பழகித் தேய்ந்த சொல்லாட்சியை மாற்றினர், யாப்பை மாற்றவில்லை. இருபதாம் நூற்றாண்டுப் புதுமையாளரோ தேய்ந்த சொல்லாட்சியையும் யாப்பையும் ஒன்றெனக் கருதி இரண்டையும் ஒருங்கே கைவிட்டனர் என்பது அவர் வாதம். இவ்வாதத்தை முழுதும் ஏற்க வேண்டுவதில்லை. எனினும் சொல்லாட்சியும் யாப்பும் வெவ்வேறு என்னும் பகுப்பு தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படுவது.

1986இல் வெளிவந்த ஸ்டீலின் தொகுப்புக்குப் பெயர் தந்த கவிதை, சினத்துக்கு எதிராகச் சாப்போ யாப்பில் அமைந்தது. சினம் எழும்போது அதனைத் தடுத்து ஆளும் முறையை அது இன்றைய இல்லற வாழ்வின் மொழியில் பேசுகிறது. உணர்ச்சி புனிதமானது, ஆனால் ஆளப்பட்டால்தான் அது நம்மைத் தாங்கும் என்பது அதன் முடிவு. 'ஆளப்பட்டால்' என்னும் அக்கட்டுப்பாடு ஈற்றில் ஐந்தசைக் குறுவடியில் வந்து நிற்கிறது. நீண்டு வந்த மூன்றடிகளின் ஓட்டத்தை அக்குறுவடி கடிவாளம் போல் பற்றி நிறுத்துகிறது. கவிதை சொல்வதையே யாப்பும் செய்கிறது.

இப்பணியைத் தமிழில் எவ்வடிவம் செய்யும்? நாற்சீரடிகள் மூன்றும் ஈற்றில் சிந்தடி ஒன்றும் கொண்ட நாலடி வெண்பா உடனே நினைவுக்கு வருகிறது. சாப்போ யாப்புக்கும் வெண்பாவுக்கும் வரலாற்று உறவு இல்லை. அசைக் கணக்கும் ஒவ்வாது. ஆயினும் ஈற்றடி குறுகி முடிவதும், அம்முடிவில் கருத்து செறிவதும் இரண்டுக்கும் பொது. மேலும் வெண்பா அறநூல்களில் நெடுங்காலம் பயின்று வந்துள்ளதால், சினத்தை அடக்குவது பற்றிய பொருளுக்கு அது அயலாகத் தோன்றாது. தனிச்சொல் வேண்டாத இன்னிசை வெண்பா பேச்சு வழக்குக்குச் சற்றே இடம் தருவது. வெண்டளை கடுமையானதே; ஆனால் மூலத்தின் யாப்பும் கடுமையானதுதான். அக்கடுமை கவிதைப் பொருளின் ஒரு பகுதி என்பதை மறத்தலாகாது.

4. பதினான்கு அசையடி : ஏ. ஈ. ஸ்டாலிங்ஸ்

1968இல் பிறந்த அமெரிக்கக் கவிஞர் ஏ. ஈ. ஸ்டாலிங்ஸ் செவ்வியல் மொழிகளைப் பயின்றவர். 1999 முதல் ஏதென்சு நகரில் வாழ்பவர். 2023இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கவிதைப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். லுக்ரீஷியஸ் இயற்றிய பொருள்களின் இயல்பு பற்றிய நூலை இவர் ஆங்கிலத்தில் ஆக்கி 2007இல் வெளியிட்டார். ஆறு பகுதிகளும் ஏறத்தாழ 7,400 அடிகளும் கொண்ட அந்நூல் அணுக்கொள்கையை விரித்துரைப்பது. கசப்பு மருந்துக் கிண்ணத்தின் விளிம்பில் மருத்துவர் தேன் தடவுவதுபோல, கடினமான கொள்கையைச் செய்யுளால் இனிதாக்குவதாக லுக்ரீஷியசே கூறுகிறார். யாப்பு அந்நூலில் அணி அன்று, கற்பிக்கும் கருவி. அதனை உரைநடையில் பெயர்த்தால் கொள்கை எஞ்சும், தேன் எஞ்சாது.

ஸ்டாலிங்ஸ் தேர்ந்த யாப்பு, ஏழு அழுத்தங்களும் 14 அசைகளும் கொண்ட இயைபு ஈரடி. 1567இல் ஆர்தர் கோல்டிங் ஓவிடை ஆக்கியபோது கையாண்ட அடி இது. சாப்மன் தம் இலியத் ஆக்கத்தில் கையாண்டதும் இதுவே. இலத்தீன் அறுசீரடி 12 முதல் 17 அசைகள் வரை பெறுவதால் அதன் கொள்ளளவுக்கு இது நெருங்கி வருகிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. இவ்வடி எட்டும் ஆறுமாகப் பிரியும்போது ஆங்கில நாட்டார் கதைப்பாடலின் ஓசை கேட்கும். செவ்வியல் செய்யுளில் அடியிறுதி இயைபு யாப்புறுப்பு அன்று. அது ஆங்கில மரபிலிருந்து சேர்ந்தது. மூலத்தின் வடிவத்தைப் படியெடுக்காமல், செவியைக் கவர்ந்து நினைவில் நிறுத்தும் பணியைத் தம் மொழியில் எது செய்யும் என்று தேடியதே ஸ்டாலிங்ஸின் முறை. அடியிறுதி இயைபு ஆங்கிலத்தில் செய்வதைத் தமிழில் பெரிதும் செய்வது எதுகையே என்பது இங்கே கருதத்தக்கது.

1999இல் வெளிவந்த இவருடைய முதல் தொகுப்பில், பாதாள உலகின் அரசன் ஹேடீஸ் தன் மணமகள் பெர்சிபனியை வரவேற்றுப் பேசுவதாக ஒரு கவிதை உள்ளது. இருளுக்குக் கண் பழகிவிடும் என்று தேற்றி, தான் அவளுக்காக ஆயத்தம் செய்தவற்றை அவன் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். அவள் பேசுவதில்லை, அவளுடைய அச்சத்தை அவன் பேச்சின் வழியே நாம் உய்த்துணர்கிறோம். அவன் அவளை விளிக்கும் முறையே இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு முதற்சிக்கல். 'பெண்ணே', 'குழந்தாய்', 'கண்ணே' ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறவைச் சுட்டும். தொன்மத்தின்படி ஹேடீஸ் அவள் தந்தைக்கும் தாய்க்கும் உடன்பிறந்தவன். தமிழ் உறவுமுறையில் தாயுடன் பிறந்தவன் மாமன், மணமுறை உடையவன்; தந்தையுடன் பிறந்தவனோ தந்தை நிலையினன். எந்த உறவுச் சொல்லைச் சேர்த்தாலும் மூலத்தில் இல்லாத தீர்ப்பு ஒன்று தமிழில் நுழைந்துவிடும். உறவுப் பெயர் சேராத விளியே இங்குத் தகும்.

5. வரிசை மாற்றமும் முழு இயைபும் : மைக்கேல் லாங்லி

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரக் கவிஞர் மைக்கேல் லாங்லி (1939–2025) செவ்வியல் இலக்கியம் பயின்றவர். ஐரிஷ் குடியரசுப் படை 1994 ஆகஸ்டு 31 அன்று போர்நிறுத்தம் அறிவித்தது. அடுத்த சில நாட்களில், போர்நிறுத்தம் என்றே தலைப்பிட்ட அவருடைய 14 அடிக் கவிதை ஐரிஷ் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. இலியத்தின் 24ஆம் காண்டமே அதன் மூலம். தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீசிடம் முதிய மன்னன் பிரியாம் சென்று மகனின் உடலை வேண்டிப் பெறும் பகுதி அது.

ஓமரின் வரிசையில் பிரியாம் கூடாரத்தினுள் நுழைந்தவுடன் அக்கிலீசின் முழங்காலைப் பற்றிக் கைகளை முத்தமிடுகிறான்; தன் உரையின் இறுதியில் அச்செயலைச் சொல்லாலும் உரைக்கிறான். இருவரும் அழுவதும், உடல் கழுவப்படுவதும், உண்பதும், ஒருவரை ஒருவர் வியந்து நோக்குவதும் அதன் பின்னரே நிகழ்கின்றன. லாங்லியோ அழுகையில் தொடங்கி, உடலைக் கழுவுதலுக்கும் உணவுக்கும் சென்று, பணிந்து முத்தமிடும் சொற்களை இறுதி ஈரடியில் வைக்கிறார். இவ்வரிசை மாற்றத்தால், அமைதியின் பயன்கள் யாவற்றுக்கும் முன்னர் ஒருவர் செலுத்த வேண்டியிருந்த விலை எது என்பது கவிதையின் கடைசிச் சொல்லாக நிற்கிறது.

யாப்பும் இதற்குத் துணை செய்கிறது. கவிதை நாலடிப் பகுதிகள் மூன்றும் ஈரடிப் பகுதி ஒன்றும் கொண்டது. முதல் மூன்று பகுதிகளில் இரண்டாம், நான்காம் அடிகளின் இறுதி ஒலிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவே அன்றி முழுதும் பொருந்தவில்லை. இறுதி ஈரடியில்தான் முழு இயைபு அமைகிறது. பகைவர் இருவர் நெருங்கி நெருங்கிக் கடைசியில் கை தொடுவதை ஒலியே நிகழ்த்திக் காட்டுகிறது. இயைபை விட்டுவிட்டுப் பெயர்த்தால் கதை கிடைக்கும், இந்நிகழ்வு கிடைக்காது.

தமிழின் தொடரமைப்பு இங்கு மேலும் ஒரு தடையை உண்டாக்குகிறது. ஆங்கிலத்தில் கூற்று வினை முன்னும் கூற்று பின்னும் வரக்கூடும். எனவே பிரியாமின் சொல்லோடு கவிதை முடிகிறது. தமிழ் இயல்பு வழக்கில் கூற்றுக்குப் பின் 'என்றான்' வரும். கவிதை பிரியாமின் குரலில் முடியாமல் கூறுவோனின் குரலில் முடிந்துவிடும். 'முன்னர் அவன் உயிர்த்துரைத்தது' என வினையாலணையும் பெயரை முன்னிறுத்தி, 'என்று' இன்றிக் கூற்றை அமைப்பது இதற்கு ஒரு தீர்வு. மேலும் மூலத்தின் இறுதிச் சொல் மகனைக் குறிப்பது. பெயரெச்சத் தொடரைப் பெயருக்கு முன் வைக்கும் தமிழ் அமைப்பில் மகன் முன்னும் முத்தம் பின்னுமாக இடம் மாறும். செய்யுளில் சொற்கள் முறை பிறழ்ந்து நிற்பதை நம் பொருள்கோள் இலக்கணம் ஏற்றுக்கொண்டுள்ளது. உரைநடை வரிசைக்குக் கட்டுப்படாத இவ்வுரிமையைத் தருவதும் யாப்பே. மூலத்தின் சொல் வரிசையைக் காக்க யாப்பு தடையன்று; இங்கு அதுவே வழி.

6. மும்மரபுக் கலப்பு : டெரக் வால்காட்

கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் பிறந்த டெரக் வால்காட் (1930–2017) 1990இல் 'ஒமெரோஸ்' என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். 1992இல் நோபல் பரிசு பெற்றார். ஏழு பகுதிகளும் 64 இயல்களும் கொண்ட இந்நூலில் அக்கிலீசும் ஹெக்டரும் மீனவர்கள். ஹெலன் தீவின் ஒரு பெண். அதே வேளையில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிக் கைப்பற்றிய அத்தீவின் உருவகமும் ஆவாள். துருப்பிடித்த நங்கூரம் தந்த ஆறாப் புண்ணோடு வாழும் பிலோக்டீட், அடிமை வரலாற்றின் வடுவைச் சுமப்பவன்.

இதன் அடி ஏறத்தாழ 12 அசைகள் கொண்டது; ஓமரின் அறுசீரடியை நினைவூட்டுவது. மூன்றடிக் கண்ணி தாந்தேயின் இத்தாலிய மரபினது. பேச்சோ தீவின் ஆங்கிலமும் பிரெஞ்சுக் கிரியோலும் கலந்தது. தலைப்பையே கவிஞர் தீவின் வழக்கில் பிரித்துக் காட்டுகிறார்: 'ஓ' சங்கின் அழைப்பு, 'மேர்' தாயும் கடலும், 'ஓஸ்' எலும்பு. பெரிய யாப்பு எளிய மீனவர்க்குக் காப்பியத் தகுதியை அளிக்கிறது. ஆயினும் ஓமரின் நிழல் படியாமல் இப்பெண்ணைக் காண இயலாதா என்று நூலின் பிற்பகுதியில் கவிஞரே வினவுகிறார். இவ்வாறு யாப்பு பெருமையும் ஐயமும் ஒருங்கே ஏந்தி நிற்கிறது.

இதனைப் பெயர்ப்போர் காப்பிய விருத்தத்தை நாடினால் ஐயம் மறையும். வசன கவிதையை நாடினால் பெருமை மறையும். அளவொத்த மூன்றடியால் வரும் ஆசிரியத் தாழிசை இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஆயர் மகளிர் பாடும் பாட்டில் இவ்வடிவம் இடம்பெறுகிறது. காப்பியத்தின் உள்ளேயே எளிய மக்களின் குரலாக ஒலித்த வடிவம் ஆதலின் வால்காட்டின் நோக்கத்துக்கு அது அயலன்று.

7. தமிழாக்க நோக்கில் சில முடிபுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மூல யாப்பின் பணியை ஒரு தொடரில் கூற முடியுமா என்று மொழிபெயர்ப்பாளர் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டீலிடம் தடுத்து நிறுத்துதல், ஸ்டாலிங்ஸின் லுக்ரீஷியசில் கற்பித்தல், லாங்லியிடம் நெருங்கிப் பொருந்துதல், வால்காட்டிடம் தகுதி அளித்து ஐயுறுதல் என நான்கும் நான்கு வெவ்வேறு பணிகள். ஒரே தமிழ் வடிவம் இந்நான்குக்கும் ஒத்து வாராது.

இரண்டாவது, அப்பணியைச் செய்யும் உறுப்பு தமிழில் வேறிடத்தில் இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் அடியிறுதியில் இருப்பது தமிழில் அடிமுதலில் எதுகையாக இருக்கலாம். அழுத்தத்தால் நிகழ்வது அடிக்குறுக்கத்தால் நிகழலாம்.

மூன்றாவது, யாப்பைத் தேர்வது பழஞ்சொற்களைத் தேர்வது ஆகாது. பாரதி 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது மகாபாரதப் பொருளை நொண்டிச் சிந்து முதலிய வடிவங்களில் எளிய சொற்களால் பாடிக் காட்டினார். யாப்பும் பேச்சும் தமிழில் கூடி வாழ முடியும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை. சிந்து, கும்மி, தாழிசை, இன்னிசை வெண்பா எனப் பேச்சோசைக்கு இடம் தரும் வடிவங்கள் நம்மிடம் பல உள. அவை மொழிபெயர்ப்புக்கு இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

8. முடிவுரை

செவ்வியல் மரபைத் தழுவிய தற்கால யாப்புக் கவிதை, பழைய வடிவத்தின் படி அன்று. ஒலியளவு அழுத்தமாகவும், அறுசீரடி பதினான்கு அசையடியாகவும், காப்பியக் காட்சி பதினான்கு அடியாகவும் மாறியே ஆங்கிலத்தில் நிலைபெற்றன. மொழி மாறும்தோறும் வடிவம் மாறுவது இயல்பு. பணி நிலைக்கிறதா என்பதே உரைகல். யாப்பைக் களைந்து கருத்தை மட்டும் தரும் பெயர்ப்பில் பிரியாமின் கதையைத் தமிழர் அறிந்துகொள்வர். கொன்றவன் கையை முத்தமிடும் அச்சொற்கள் ஏன் கடைசியில் வந்தன என்பதையும், அவ்விடத்தில் மட்டும் இரண்டு ஒலிகள் ஏன் முழுதும் பொருந்தின என்பதையும் அவர்கள் உணர வேண்டுமாயின், அதற்கான தமிழ் யாப்பைத் தேடும் உழைப்பை மொழிபெயர்ப்பாளர் ஏற்றே ஆக வேண்டும்.